காற்று வரும் பக்கம்

தூத்துக்குடித் துறைமுகத்தின் ஏழாம் எண் கிரேனுக்குக் கண் டெல்மா கர்வாலோவின் முகத்தில் இருக்கிறது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. மற்ற கிரேன்கள் தாமாகவே பெட்டிகளைத் தூக்கித் தாமாகவே அடுக்கிக்கொள்ளும். பெட்டி சதுரமானது, சொன்ன பேச்சைக் கேட்கும். காற்றாலை இறக்கை அப்படியில்லை. தொண்ணூறு மீட்டர் நீளம், வாழைமட்டை போல வளைவு, காற்றில் திரும்புவதற்கென்றே செய்த பொருள். கப்பலில் ஏறும்போது மட்டும் திரும்பாதே என்றால் அது கேட்குமா? கணினி மூன்று முறை முயன்று பார்த்து, மூன்று முறையும் நடுவானில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டது. கூப்பிட்டதும் போனவள்தான் டெல்மா.

வயது ஐம்பத்திரண்டு. நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஓர் அறையில் உட்கார்ந்து, இருபத்துமூன்று வருடங்களாக ஓர் இறக்கையில்கூடக் கீறல் விழாமல் இறக்கி வைத்திருக்கிறாள். அதைப் பற்றி அவள் பெருமையடித்துக்கொள்வாள். சரக்கு இருந்தது, அடித்துக்கொண்டாள், இதில் தப்பென்ன இருக்கிறது? "தூக்குததுக்கு மோட்டார் போதும். இறக்குததுலதான் வித்தை" என்பது அவளுடைய வாசகம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், பார்வையிட வந்த அதிகாரிகள், கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்றவர்கள் என்று அதைக் கேட்காதவர் யாரும் இல்லை.

அப்பேர்ப்பட்டவளின் கண்ணில்தான் சர்க்கரை கை வைத்தது.

சர்க்கரை அவளுக்குப் பதினொரு வருடமாக உண்டு. அதை அவள் கையாண்ட விதத்தை நம்மூரில் பாதிப் பேருக்கு விளக்கவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தச் சோதனை. அதற்கு மூன்று நாள் முன்பிருந்து கம்பங்கூழ், வெந்தயத் தண்ணீர், மொட்டைமாடியில் நாற்பது சுற்று. எண் அழகாக வரும். டாக்டர் பாராட்டுவார். வெளியே வந்ததும் கையோடு ஒரு பொட்டலம் மக்ரூன். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிற புத்தி இது. இதில் அவளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது, வீட்டுக்காரர் ரெய்மண்ட் ஊரறிந்த மக்ரூன் மாஸ்டர். முட்டை வெள்ளையும் முந்திரியும் சர்க்கரையும் அவர் கைபட்டால் மேகமாகும் என்பார்கள். அதிகம் பேசாத மனிதர். சூளையடுப்பின் தழும்புகளை மறைக்க எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவார்.

துறைமுகத்தின் வருடாந்திரச் சோதனையில் கண்ணைப் படமெடுத்தவர்கள் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் நஃபீஸா, காயல்பட்டினத்துக்காரர், டெல்மாவைவிடப் பதினைந்து வயது இளையவர், திரையில் அவள் விழித்திரையைக் காட்டினார்.

"கண்ணுக்குள்ள ஒரு பந்தி நடக்குதுன்னு வச்சுக்கோங்கக்கா" என்றார் டாக்டர். "சர்க்கரை ரத்தக்குழாயைக் கெடுத்ததுல ஓரத்து வரிசைக்குச் சோறு போய்ச் சேரலை. அவங்க பசியில சத்தம் போடுறாங்க. உடம்பு பதறிப்போய் அவசரமா புதுக் குழாய் போடுது. அது உருப்படியான குழாய் இல்லை, உடைஞ்சு ரத்தம் கொட்டும். கொட்டினா மொத்தப் பார்வையும் மறைஞ்சிரும். லேசர் என்ன செய்யும்னா, கொஞ்சப் பேரைப் பந்தியிலேருந்து எழுப்பி விட்டுரும். இருக்கிற சோறு மிச்சப் பேருக்குப் போதும். சத்தம் அடங்கிரும்."

"எழுப்பி விட்டவங்க?" என்று கேட்டாள் டெல்மா.

"திரும்ப வரமாட்டாங்க. அந்த இடம் பார்க்காது."

முன்பெல்லாம் சுற்றிலும் ஒரே சீராகச் சுட்டுவிடுவார்களாம். இப்போது வந்திருக்கிற இயந்திரம் அப்படிச் செய்யாது. நாற்பது நாள் ஒரு பதிவுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடமாட வேண்டும். விழித்திரையின் எந்த மூலை உழைக்கிறது, எந்த மூலை சும்மா கிடக்கிறது என்று அது ஒரு படம் வரையும். சும்மா கிடக்கிற மூலையில் மட்டும் லேசர் விழும். அதோடு கையில், தோலுக்கடியில், உளுந்து அளவில் ஒரு மணியை வைத்துவிடுவார்கள். அது சர்க்கரையை நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொண்டிருக்கும். மூன்று நாள் கம்பங்கூழ் அதனிடம் செல்லாது.

இந்தப் படம் ஊருக்குள் செய்த கூத்து தனிக்கதை. ஒருவர் தொலைக்காட்சியைத் தவிர எதையுமே பார்ப்பதில்லை என்று அவர் மனைவிக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு மருமகளின் படத்தில் சமையலறையில் மாமியார் நிற்கிற இடம் கும்மிருட்டாக இருந்ததாம், குடும்பத்தில் பெரிய ரகளை. அதன் பிறகு, நோயாளி வாய்விட்டுச் சொன்னாலொழிய வீட்டாருக்குப் படத்தைக் காட்டுவதில்லை என்று ஆஸ்பத்திரி முடிவெடுத்தது.

டாக்டர் இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்பினார். சர்க்கரையைப் படிப்படியாக, மாதக்கணக்கில் இறக்க வேண்டும், ஒரேயடியாகக் கூடாது. கண்ணாடி போட்டிருக்கும் நாற்பது நாளும் எப்போதும் இருப்பதுபோல இருக்க வேண்டும். பிறகு கூட வந்திருந்த ரெய்மண்டைப் பார்த்து, "மாஸ்டர், உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நீங்க பாத்துக்கோங்க" என்றார். தன் கணவரின் மக்ரூனுக்கு டாக்டர்கள் மத்தியிலும் மரியாதை இருக்கிறதே என்று டெல்மா பூரித்துப்போனாள்.

அவளுக்கு ஓர் அவசரம் இருந்தது. இரண்டரை மாதத்தில், இதுவரை இந்தத் துறைமுகம் பார்க்காத நூற்றுப்பத்து மீட்டர் இறக்கை ஒன்று வருகிறது. அதைக் கப்பலில் வைக்கும் கை தன்னுடையதாக இருக்க வேண்டும். அதற்குள் மருத்துவக் குழுவின் முன் உட்கார்ந்து, பார்வை சரி என்று கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காவிட்டால் கீழே, அலுவலகத்தில், ஒரு மேசை கொடுப்பார்கள். மேசை என்ற சொல்லையே அவள் வாயில் எடுப்பதில்லை.

ஆக, டாக்டர் சொன்ன இரண்டையும் அவள் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டாள். ஒரு வேளை ஊசி தவறவில்லை, ஒரு வேளை மாத்திரை தவறவில்லை, சாப்பாடு பாதியானது, மாடிச் சுற்று நூறானது. முந்நூறைத் தொட்டுக்கொண்டிருந்த எண் பன்னிரண்டே நாளில் நூற்றிருபதுக்கு வந்து நின்றது. 'இறங்கும் வேகம் மிக அதிகம்' என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. அதைப் பாராட்டு என்று நினைத்து, கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டும் இசக்கிப்பாண்டிக்கும் அனுப்பி வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள், வேலையில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாள். ரெய்மண்ட் மட்டும் சாப்பாட்டு மேசையில், அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தபடி, மெதுவாகப் போகலாமே என்று இரண்டு முறை சொன்னார். மாவு பிசைகிறவருக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு அவள் வாயை அடைத்தாள்.

கண்ணாடி விஷயத்தில் அவள் செய்தது இன்னும் பெரிய கூத்து. இறக்கையைத் தூக்கும்போது கிரேன் இயக்குநர் திரையையும் கீழே நிற்கும் ஆளையும் மட்டுமே பார்க்க வேண்டும் என்பது துறைமுகத்தின் விதி. டெல்மா இருபத்துமூன்று வருடத்தில் அந்த விதியை ஒருநாளும் மதித்ததில்லை. அவளுடைய ரகசியம் இடது பக்கத்தில், அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால் இருக்கும் கடல். காற்று கிரேனை வந்து தொடும் முன்பு தண்ணீரைத் தொடும். தொட்ட இடம் சட்டென்று கறுக்கும், தோல் சிலிர்த்ததுபோல் ஆகும். அந்தக் கறுப்பு எத்தனை விரைவாக நகர்கிறது என்று தெரிந்தால், காற்று வந்து அடிக்கும் முன்பே கையைத் தளர்த்திக்கொள்ளலாம். கடலோடிகள் குடும்பத்துப் பெண், இதை யாரும் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. யாரிடமும் அவள் சொன்னதும் இல்லை.

பதிவுக் கண்ணாடி ஏறிய நாளிலிருந்து அந்தப் பார்வையை நிறுத்தினாள். பதிவு மேலிடத்துக்குப் போனால் விதியை மீறுகிறவள் என்று ஆகிவிடுமே! நாற்பது நாளும் கழுத்தில் கட்டை வைத்துக் கட்டியவள்போல் திரையையே பார்த்தாள். நல்லவேளையாக அந்த நாட்களில் ஒன்றும் விபரீதம் நடக்கவில்லை. நம்ம அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் காலை, வலது கண்ணில் ஒரு கறுப்பு நூல் மிதந்தது. துடைத்தாள், போகவில்லை. இரண்டு நாளில் அது மூன்று நூலானது. பரீட்சை முடிய ஒன்பது நாள்தான், வாயைத் திறப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

நாற்பத்தோராம் நாள் ஆஸ்பத்திரியில், படத்தைத் தனியாகப் பார்க்கிறீர்களா என்று டாக்டர் நஃபீஸா கேட்டபோது, கூட வந்திருந்த ரெய்மண்டைக் காட்டி, இவியளும் இருக்கட்டும் என்றாள் டெல்மா. தன் கண்ணின் லட்சணத்தைக் கட்டியவர் ஒருமுறை பார்த்துப் பெருமைப்படட்டும் என்பது அவள் எண்ணம்.

டாக்டரின் முகம் பெருமைப்படும்படி இல்லை. முதலில் விழித்திரையைக் காட்டினார். நாற்பது நாளைக்கு முன் நாலைந்து இடத்தில் மட்டும் முளைவிட்டிருந்த குழாய்கள் இப்போது படர்ந்துகிடந்தன. ஓரிடத்தில் லேசாக ரத்தமும் கசிந்திருந்தது.

"சர்க்கரையைத்தான் குறைச்சிட்டேனே" என்றாள் டெல்மா.

"அதனாலதான்க்கா. ரொம்ப நாளா உயரத்துல இருந்த சர்க்கரை. கண்ணு அதுக்குப் பழகிப்போச்சு. திடீர்னு கீழ விட்டா, ஏற்கெனவே நொந்திருக்கிற குழாய் இன்னும் நோவும். அதுக்குத்தான் படிப்படியான்னு சொன்னேன்." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "நீங்க இறக்கையை அப்படி இறக்குவீங்களா?"

டெல்மாவுக்கு முகம் எரிந்தது. இருபத்துமூன்று வருடமாக ஊருக்கெல்லாம் ஓதிய வேதம். தன் உடம்புக்குள் இருந்த சுமையை மட்டும் கயிற்றை அறுத்துவிட்டதுபோலக் கீழே போட்டிருக்கிறாள். அதை நினைத்ததும் மற்றொன்றும் மனதில் குத்த, கண்ணாடி போட்டிருந்த நாற்பது நாளும் தான் நடித்ததையும் அங்கேயே சொல்லிவிட்டாள். கடலைப் பற்றியும் சொன்னாள். அந்தப் பக்கம் சும்மா கிடப்பதாகத்தான் படம் காட்டும், அதை நம்பிச் சுட்டுவிடாதீர்கள், அது போனால் நான் அந்த நாற்காலியில் உட்காரவே லாயக்கில்லாதவள் என்றாள்.

டாக்டர் பார்வைப் படத்தைத் திறந்தார். வட்டமான படம். நடுவில் பளிச்சென்ற வெளிச்சம், அது எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இடது ஓரத்தில், விளிம்பை ஒட்டி, நடுவுக்குச் சமமாக ஒரு கீற்று எரிந்துகொண்டிருந்தது.

"இதைத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்" என்றார் டாக்டர். "இந்தப் பக்கம் நீங்க ஒரு தடவைகூடக் கண்ணைத் திருப்பலை. பதிவு அப்படித்தான் சொல்லுது. ஆனா இந்த ஓரம் ஒரு நிமிஷம்கூட ஓயலை. இங்க ஏதோ மாறும், அடுத்த நொடி உங்க கை தளரும். அதுக்குப் பதினஞ்சு நொடி கழிச்சுத்தான் கிரேனோட காற்றுமானியே அசையுது. நாப்பது நாள்ல இருநூறு தடவைக்கு மேல இப்படி நடந்திருக்கு. நானும் எத்தனையோ பேர் படத்தைப் பார்த்துட்டேன், இந்த மாதிரி ஒண்ணு பார்த்ததில்லை."

டெல்மா அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் நடித்தாள், கண் நடிக்கவில்லை. விதியும் பயமும் கழுத்தைப் பிடித்து வைத்திருந்தபோதும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாற்காலியில் நிமிர்ந்தாள். பக்கத்தில் ரெய்மண்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் கணக்கு மாறியிருந்தது. நாற்பது நாளைக்கு முன் என்றால் சும்மா கிடக்கிற இடத்தில் நானூறு புள்ளி சுட்டால் போதும். இப்போது ஆயிரத்துக்குக் குறையாமல் வேண்டும், இன்னொரு படம் எடுக்கவும் நேரமில்லை. இருண்ட பகுதி முழுவதையும் கொடுத்தாலும் பற்றாது. மீதியை எடுக்க இரண்டே இடங்கள்தான் இருந்தன. கடல் தெரியும் ஓரத்தில் பாதியைக் கொடுக்கலாம். இல்லையென்றால் வலது பக்கம், சற்றுக் கீழே, மங்கலாகச் சாம்பல் பூத்ததுபோல் கிடக்கும் ஒரு திட்டை முழுவதுமாகக் கொடுக்க வேண்டும்.

"இது என்ன இடம்னு தெரியலை" என்று டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். "வேலை இடத்துல இது வரலை. வீட்டுலதான். சாப்பிடுற நேரம். கிட்டத்துல, ஒரு ஆள் அளவுக்கு…" சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

டெல்மா ரெய்மண்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. இருபத்தாறு வருடமாக அவர் அவளுக்கு வலது பக்கம்தான் உட்காருகிறார்.

"கடல் பக்கத்துல எடுங்க டாக்டரம்மா" என்றாள். மேசை கிடைக்கும், கிடைக்கட்டும்.

அதற்குள் ரெய்மண்ட் எழுந்து திரைக்கு அருகில் போயிருந்தார். எரியும் அந்தக் கீற்றைத் தொட்டுவிடுவதுபோல் விரலை அருகில் கொண்டுபோனார்.

"இதைத் தொடக் கூடாது டாக்டரம்மா. இது எப்பேர்ப்பட்ட கண்ணு" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "கடலை நகத்த முடியாது டெல்மா. நாற்காலிய நகத்தலாம்."

அன்று பிற்பகலே முதல் தவணை நடந்தது. தாடையைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பச்சை ஒளி பொட்டுப் பொட்டாக வந்து விழுந்தது, சிலது ஊசிபோலச் சுருக்கென்றது. மூன்று தவணையில் இரண்டு கண்ணுக்கும் முடிந்தது. நூல்கள் மெல்லக் கரைந்தன. சர்க்கரையைச் சற்றே ஏறவிட்டு, ஒவ்வொரு படியாக இறக்கும் அட்டவணை ஒன்றை டாக்டர் போட்டுக் கொடுத்தார், இந்த முறை அதிலிருந்து அவள் இம்மியும் பிசகவில்லை. மருத்துவக் குழு அவளுடைய படத்தையும், காற்றுமானியை அவள் முந்திய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வலது பக்கத்துக்கு ஒரு படக்கருவியும் எச்சரிக்கை மணியும் கட்டாயம், இருட்டில் பார்வை குறைந்துவிட்டதால் இரவு வேலை கிடையாது, பகலில் இறக்கை தூக்கலாம் என்று எழுதியது. விதிப்புத்தகத்தில், இயக்குநர் கடலையும் கவனிக்கலாம் என்று ஒரு வரி சேர்ந்தது. அந்த வரிக்குக் காரணம் யார் என்று துறைமுகத்தில் யாரையும் அவள் தெரியாமல் இருக்க விடவில்லை.

நூற்றுப்பத்து மீட்டர் இறக்கை வந்தது. அன்றைக்குப் பார்த்துத் தெற்குக் காற்று விட்டுவிட்டு அடித்தது. டெல்மா நான்கு முறை கையைத் தளர்த்தினாள், நான்கு முறையும் காற்று பின்னால்தான் வந்தது. கப்பலில் விரித்திருந்த தாங்கிமேல் இறக்கையை வைத்தபோது, வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை என்றான் இசக்கிப்பாண்டி. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் மேலிருந்து கையசைத்தாள்.

மாலை ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருந்தாள். இரவு வேலை போனதில் இது ஒரு லாபம். ரெய்மண்ட் சொன்னபடியே நாற்காலியை இடது பக்கம் போட்டிருந்தார். அவள் இறக்கையின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள், அவர் ரசித்துக் கேட்டார். புழுக்கத்துக்குச் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டிருந்தார். குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தக் கையை நீட்டியபோது, கதை பாதியில் நின்றது.

முழங்கைக்கு மேலே, தோலுக்கடியில், உளுந்து அளவில் ஒரு மணி.

"இது என்னது?"

"சர்க்கரைதான். ரெண்டு வருசமாச்சு" என்றார் அவர்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. அன்னைக்கே, இந்த மேசையிலதான்." சொல்லிவிட்டு, வெறுமையாகிவிட்ட வலது பக்கத்தைக் கண்ணால் காட்டினார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. "நீ ஏதோ இறக்கையப் பத்திச் சொல்லிட்டு இருந்த."

அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால் தண்ணீர் கறுப்பதைத் திரும்பாமலே பார்க்கிறவள் அவள். ஒரு முழத் தொலைவில் இருந்த கையை இரண்டு வருடம் பார்த்ததில்லை. மெதுவாகப் போகலாமே என்று அவர் சொன்னதும், உங்களுக்குச் சொல்லவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் இப்போதுதான் விளங்கின. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு, எண் எவ்வளவு என்று கேட்டாள்.

"முந்நூத்துப் பத்துல ஆரம்பிச்சேன். இப்போ நூத்தி நாப்பது. இறக்க எட்டு மாசம் ஆச்சு. கண்ணு இன்னும் சுத்தமா இருக்குன்னாவ." அவர் முகத்தில் அவள் இதுவரை காணாத ஒரு மிடுக்கு வந்தது. "இறக்குததுலதான் வித்தைன்னு ஊரெல்லாம் சொல்லுத. பக்கத்துல இருக்கவனுக்குக் கேக்காதா?"

மறுநாள் காலை டெல்மா ஏழாம் எண் கிரேனில் ஏறி உட்கார்ந்து, கடலை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, வயர்லெஸ்ஸை எடுத்து இசக்கிப்பாண்டியைக் கூப்பிட்டாள். நேற்றைய இறக்கையைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று அவனும் தயாராக இருந்தான்.

"இசக்கி, என்னை விட நல்லா இறக்குத ஆளு ஒருத்தவிய இருக்காவ, தெரியுமா? எட்டு மாசம், ஒரு ஆட்டம் கிடையாது, ஒரு கீறல் கிடையாது."

அக்கா வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சா என்று அவன் திகைத்துப்போனான்.

"எந்தக் கிரேன்லக்கா?" என்று கேட்டான்.